சிவப்புக் கம்பத்துத் தண்ணீர்

எங்கள் ஊர்க் கடலுக்குப் பொற்சிப்பி விருது கொடுத்தார்கள். கடல் மேடைக்கு வரவில்லை. அதன் சார்பில் குளியல்நீர்த் தர அதிகாரி வந்து வாங்கிக்கொண்டு, கடலின் அடக்கத்தைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசினார். இரண்டு வார்த்தை முடிவதற்குள் பந்தலின் நிழல் நாற்காலிகளை விட்டு நகர்ந்து தெருவுக்குப் போய்விட்டது.

"கடல் பெரியது, நண்பர்களே," என்றார் அவர். "முழுக் கடலையும் சுத்தமாக வைத்திருக்க யாராலும் முடியாது. ஆனால் ஒரு பாட்டில் அளவுக்குக் கடலைச் சுத்தமாக வைத்திருக்க முடியும். நாம் முடித்துக் காட்டியிருக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினோம். வெயிலில் அதைத் தவிர வேறு செய்வதற்கில்லை.

அதே வாரம் என் மாமா மகளுக்குக் காதில் சீழ் வந்தது. இந்த இரண்டு செய்திகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடும்படி எனக்கு அறிவுரை வந்திருக்கிறது; சொல்லிவிட்டேன்.

மாமா சாவி செய்பவர். பேருந்து நிலைய வாசலில் கடை. உள்ளே இரண்டு பேர் இருந்தால் மூன்றாமவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். கல்லூரி விடுமுறையில் அந்த இரண்டாவது ஆள் நான். அரியர் பாடத்துக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாமா சாவி அராவும் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவேன்.

அவர் மகளுக்கு எங்கள் வீட்டில் நண்டு என்று பெயர். தரையில் நேராக நடக்கமாட்டாள்; கதவு, நாற்காலி, அப்பாவின் கால் என்று எதிலாவது மோதிக்கொண்டுதான் போவாள். தண்ணீரில் விட்டால் மட்டும் அடிக்கோல் வைத்த மாதிரி நேராகப் போவாள். பள்ளியின் நீச்சல் அணியில் அவள்தான் முதலில் வருகிறவள். ஊரில் நீச்சல்குளம் கிடையாது. கடற்கரைச் சுவரை ஒட்டி ஒரு படிக்கட்டு கடலுக்குள் இறங்கும். அணி பழகுவது, ஊர் குளிப்பது எல்லாம் அந்தப் படிக்கட்டில்தான்.

சீழ் வந்ததிலிருந்து நண்டுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்து, "என்ன?" என்பாள். முதல் இரண்டு நாள் நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்துத் திட்டினோம்.

மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"எங்க குளிச்சா?"

"கடல்ல, டாக்டர்."

"எந்தக் கடல்?"

மாமா யோசித்தார். ஊரில் இருப்பது ஒன்றுதான். "நம்ம கடல்தான் டாக்டர்."

"பொற்சிப்பி வாங்கின கடலா?"

"ஆமாங்க."

"அப்ப தண்ணியால வந்தது இல்ல."

"படிக்கட்டுப் பக்கத்துல ஒரு குழாய் இருக்கு டாக்டர். கறுப்பா என்னென்னவோ வருது."

"அழுக்குத் தண்ணிக்கு விருது குடுப்பாங்களா?" என்றார் மருத்துவர், பொறுமையாக. "குடுத்திருக்காங்க. அப்ப அழுக்கு இல்ல. வீட்ல தலையணை உறையெல்லாம் ஒழுங்கா மாத்துறீங்களா?"

மருந்து எழுதினார். காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். வாசல்வரை வந்தபோது மாமாவை மட்டும் திரும்பக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை ஆறிடும். மறுபடி சீழ் புடிச்சா சவ்வு தாங்காது. அப்புறம் அந்தக் காதை மறந்துட வேண்டியதுதான். பாத்துக்கங்க."

"அப்ப கடல்ல விடக்கூடாதா டாக்டர்?"

"தாராளமா விடுங்க. விருது வாங்கின தண்ணி."

வீட்டில் அத்தை கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "என் தலையணை உறையையா சொன்னாரு அந்த ஆளு?"

"பொதுவாச் சொன்னாரு," என்றார் மாமா.

"பொதுவா அவரு கழுத்துல ஒரு குழல் தொங்குதே, அதை எப்பத் துடைச்சாருன்னு கேட்டுட்டு வாங்க." பிறகு, "அந்தக் குழாயை மூடச் சொல்லுங்க. இல்லன்னா இவ தண்ணிக்கே போகக்கூடாது. ரெண்டுல ஒண்ணு," என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த நண்டு முகத்தைத் திருப்பி, "என்ன?" என்றாள்.

குளியல்நீர்த் தர அலுவலகம் கடற்கரைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. வாசல் கதவின் கைப்பிடி சிப்பி வடிவம். பிடித்தால் உள்ளங்கையில் வரி விழும். வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டி. மீன்கள் பிளாஸ்டிக். உண்மையான மீன்கள் இந்த அலுவலகத் தண்ணீரில் தங்குவதில்லை என்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார்.

அதிகாரி எங்களை அன்போடு உட்காரவைத்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் விருதின் படம். தேநீர்க் கோப்பையை அதன்மேல் படாமல் ஓரமாக வைத்தார்.

"எந்தக் குழாய்?" என்றார்.

"படிக்கட்டுப் பக்கத்துல சார். புதுசாக் கழிப்பறை கட்டினீங்களே, அதுலேருந்து வருது."

"ஓ, அதுவா. விருதுக்குக் கழிப்பறை கட்டாயம். அதான் கட்டினோம். முழு மார்க் குடுத்தாங்க."

"அதுலேருந்து கடலுக்குள்ள போகுது சார்."

"எங்கயாவது போகத்தான் வேணும். எங்க போகணும்னு விதியில ஒண்ணும் சொல்லலையே." அவர் சிரித்தார். "கவலைப்படாதீங்க. நாங்க சாம்பிள் எடுக்கிற இடம் சிவப்புக் கம்பம். பாறைக்கு அந்தப் பக்கம். தண்ணி அப்படியே கண்ணாடி."

"ஆனா ஜனங்க குளிக்கிறது படிக்கட்டுல சார்."

"ஏன் அங்க குளிக்கிறீங்க?"

"சிவப்புக் கம்பத்துக்கிட்டப் போனா கயிறு கட்டியிருக்கு. காவல்காரர் விசில் ஊதுறாரு."

"ஊதத்தான் செய்வாரு. ஜனங்க இறங்கினா தண்ணி கெட்டுப்போகும். அப்புறம் சாம்பிளை எங்க எடுக்கிறது?"

மாமா தன் தொழில் வழக்கப்படி இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உண்மையாகவே புரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார்: "அதாவது சார், சோதிக்கிற தண்ணில குளிக்கக் கூடாது. குளிக்கிற தண்ணியைச் சோதிக்கக் கூடாது. அப்படிங்களா?"

"பாருங்க," என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நிறையப் பேருக்கு இது ஒரே தடவைல புரியாது."

குழாய் பற்றிய புகாரை ஏற்றுக்கொண்டதாகவும், உடனே நடவடிக்கை எடுப்பதாகவும் சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரமே குழாய்க்குப் பக்கத்தில் பொன்னிற ஓரம் வைத்த பெரிய பலகை ஒன்று நின்றது. அதில் எழுதியிருந்தது: "இது ஒரு குழாய்."

மாமா மறுபடி போனார். தகவல் பலகைகளுக்குத் தனி மார்க் உண்டு என்றும், ஒரு பலகை குறைவாக இருந்த சமயத்தில் மாமாவின் புகார் வந்து சேர்ந்ததென்றும் அதிகாரி நன்றியோடு சொன்னார்.

"மூடச் சொன்னேன் சார்."

"பொறுங்க. அடுத்த கட்டம் இருக்கு."

அடுத்த கட்டம் கொக்கு. குழாய் வாயிலிருந்து வந்த கறுப்புச் சேற்றில் புழு வைத்தது. புழுவைத் தின்னக் கொக்குகள் வந்தன. கொக்குகளைப் பார்க்க அலுவலகத்திலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார். மறு வாரம் பழைய பலகையை எடுத்துவிட்டு, "பறவைகள் முனை: அமைதி காக்கவும்" என்று புதுப் பலகை நட்டு, எதிரே ஒரு பெஞ்சும் போட்டார்கள். அந்தப் பெஞ்சில் யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. உட்காருவதற்கு மூக்கைக் கழற்றி வைக்கும் வசதி வேண்டும்.

"சார், குழாயை மூடச் சொன்னா பெஞ்சு போட்டிருக்கீங்க," என்றார் மாமா.

"எந்தக் குழாய்?"

"அதான் சார், படிக்கட்டுப் பக்கத்துல..."

"பறவைகள் முனையைச் சொல்றீங்களா? அதை மூட முடியாதுங்க. பல்லுயிருக்குத் தனி மார்க். கொக்கு வருது, பார்த்தீங்களா?"

"கொக்கு வர்றது புழுவுக்கு சார்."

"புழுவுக்கும் மார்க் உண்டான்னு மேல கேட்டிருக்கோம்."

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் குழாய் என்ற சொல் புழக்கத்தில் இல்லை. வரவேற்பறையில் யாராவது தவறிச் சொன்னால், கண்ணாடி துடைப்பவர்கூட, "பறவைகள் முனைங்களா?" என்று மெதுவாகத் திருத்துவார்.

நண்டு மாதம் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தாள். சவ்வு ஆறிக்கொண்டு வந்தது. அவளுடைய அணிப் பெண்கள் படிக்கட்டில் இறங்கிப் பழகுவதைச் சுவர்மேலிருந்து பார்த்துக்கொண்டு, வெறும் காற்றில் கையை வீசி நீந்திப் பார்ப்பாள். போட்டி வரும்போது அணியில் இவள் இடத்துக்கு வேறு பெண்ணைப் பார்த்துவிட்டதாக நீச்சல் ஆசிரியை சொல்லிவிட்டார். அணியில் இன்னும் இரண்டு பெண்களுக்குக் காதில் வலி. அவர்கள் வீட்டுத் தலையணை உறைகளையும் மருத்துவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் ஏன் நல்லா இருக்கு, இந்தப் பக்கம் ஏன் கறுப்பா இருக்கு?" என்று ஒருநாள் நண்டு என்னைக் கேட்டாள். சிவப்புக் கம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சோதிக்கிற தண்ணி. இது குளிக்கிற தண்ணி."

முகத்தைத் திருப்பி, "என்ன?" என்றாள்.

காது கேட்காததால்தான் கேட்டாள் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் கயிற்றுக் காவல்காரர் கடைக்கு வந்தார். கழுத்தில் விசில். சிவப்புக் கம்பத்துக்குப் போகும் வழியிலுள்ள கம்பிக் கதவின் சாவி தொலைந்துபோயிருந்தது. மாமா அராவிக்கொண்டிருக்கும்போது அவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்.

"நாளைக்குக் காலைல பரிசோதனைங்க. மேலேருந்து ஆள் வர்றாங்க. சாம்பிள் எடுக்கிற இடத்துல பொதுமக்கள் குளிச்சுக்கிட்டு இருக்கணும்னு விதி."

"நீங்கதான் யாரையும் விடறதில்லையே," என்றேன்.

"அதான் பிரச்சினை. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் ஆளுங்களையே பொதுமக்களா இறக்குவோம். போன தடவை கணக்குப் பிரிவுக்காரருக்குக் குளிர் ஜுரம். இந்தத் தடவை யாரும் வரமாட்டேங்கிறாங்க. நீங்க வீட்டோட வந்தீங்கன்னா நல்லா இருக்கும். உண்மையான பொதுமக்களைப் பார்த்தா அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

மாமாவின் கையில் அரம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை நாங்கள் குடும்பத்தோடு கயிற்றுக்கு உள்ளே நின்றோம். இடுப்பளவு தண்ணீரில் கால் விரல்களை எண்ணலாம் போலிருந்தது. எங்கள் பக்கத்தில் அலுவலகத்தார் சிலர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, ஒருவர் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, குளிப்பதற்கு அடையாளமாக அவ்வப்போது ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார்கள். நண்டு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அத்தை கொடுத்த பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு குப்புற விழுந்தாள். அந்தக் கயிற்றிலிருந்து இந்தக் கயிறு, இந்தக் கயிற்றிலிருந்து அந்தக் கயிறு. மேலேயிருந்து வந்தவர்கள் அவளைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அது அலுவலகக் காலண்டரில் வந்தது.

பாட்டிலை மூடியதும் காவல்காரர் விசில் ஊதினார். "போதும், மேல வாங்க. தண்ணி கெட்டுடும்."

கரையில் அதிகாரி மிகுந்த திருப்தியோடு எல்லோருக்கும் பன்னும் தேநீரும் கொடுத்தார். மாமா, பன்னைப் பிய்க்காமலே கேட்டார்: "அடுத்த பரிசோதனை எப்ப சார்?"

"அது ஆகும் பல மாசம். நடுவுல வேணும்னா, ரிசல்ட் மேல சந்தேகம்னு யாராவது புகார் குடுக்கணும். குடுத்தா மறுநாள் காலைலயே மறுபரிசோதனை. கட்டாயம். பொதுமக்களும் இருக்கணும்." பெருமிதத்தோடு சேர்த்துக்கொண்டார்: "ஆனா இதுவரைக்கும் யாருக்கும் எங்க மேல சந்தேகம் வந்ததில்லை."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அத்தை இரண்டு பேரையும் பார்த்து, "என்ன யோசனை, போய்ச் சந்தேகப்படுங்க," என்றாள்.

அன்று மதியமே புகார் ஜன்னலில் மாமா நின்றார்.

"சந்தேகம்ங்க."

"என்ன சந்தேகம்?" என்றார் ஜன்னலுக்குள் இருந்த அம்மையார்.

"தண்ணி ரொம்பத் தெளிவா இருந்துச்சு. அதான்."

மறுநாள் காலை மறுபரிசோதனை. நண்டு நீந்தினாள். அன்று மதியம் மாமாவுக்குக் கம்பம் உண்மையில் சிவப்பா, ஆரஞ்சா என்று சந்தேகம். அதற்கு மறுநாள், பாட்டிலுக்குள் போன கடலும் வெளியே நிற்கும் கடலும் ஒன்றுதானா என்று சந்தேகம். சந்தேகம் தீர்ந்துபோன நாட்களில் நான் கை கொடுத்தேன். அரியர் பாடத்துக்குச் செலவழிக்காத மூளை எனக்கு நிறைய மிச்சம் இருந்தது. அமாவாசையன்று எடுத்த தண்ணீரும் பௌர்ணமியன்று எடுத்த தண்ணீரும் ஒரே வயதுடையவையா என்று நான் எழுப்பிய சந்தேகத்தை ஜன்னல் அம்மையார் இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்று வாங்கிக்கொண்டார்.

அலுவலகம் எரிச்சலடையும் என்று எதிர்பார்த்தோம். மாறாக, அதிகாரி கடை தேடி வந்தார். கடைக்குள் இடமில்லாததால் சாலையில் நின்றபடியே மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"புகார் தீர்வுக்குத் தனி மார்க்ங்க. புகாரே வராம எத்தனை வருஷம் தவிச்சிருக்கோம் தெரியுமா? நீங்க ஒருத்தரே எங்களை எங்கயோ கொண்டுபோய் வச்சுட்டீங்க." சிறந்த புகார்தாரர் என்று பொறித்த ஒரு கோப்பையையும் கொடுத்தார். மாமா அதில் ஸ்க்ரூ போட்டு வைத்துக்கொண்டார்.

"அந்தக் குழாய்ப் புகாரு சார்?"

"எந்தக் குழாய்?" என்றார் அதிகாரி.

செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. முதலில் நீச்சல் ஆசிரியைக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அணிப் பெண்களின் அம்மாக்களுக்கு. பிறகு பேருந்து நிலையத்து ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பழக்கடைக்காரர், அவர் மச்சினன். புகார் ஜன்னலில் வரிசை சாலைவரை நின்றது. ஜன்னல் அம்மையார் கடைசியில் என்ன சந்தேகம் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "எத்தனை பேரு?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார். காலையில் ஊரே துண்டோடு சிவப்புக் கம்பத்துக்குப் போனது. எல்லோரும் அதிகாரபூர்வப் பொதுமக்கள். காவல்காரர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, தன் குழந்தைகளையும் கூட்டிவந்தார். நண்டு மறுபடி அணிக்குப் போனாள். ஆசிரியை பார்த்து வைத்திருந்த வேறு பெண், நண்டிடம் தோற்றதில் தனக்கு நிம்மதிதான் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

படிக்கட்டுப் பக்கம் ஆள் அரவமே இல்லை. கொக்குகள் மட்டும் நின்றன.

ஆனால் ஊர் முழுக்க இறங்கிக் குதித்தால் கண்ணாடியும் கலங்கும். சிவப்புக் கம்பத்துத் தண்ணீரில் மணல் கிளம்பியது, எண்ணெய் மிதந்தது, ஒருநாள் பாட்டிலுக்குள் யாருடைய சட்டைப் பொத்தானோ வந்துவிட்டது. அதிகாரி அவசரக் கூட்டம் ஒன்றைக் கடற்கரையிலேயே கூட்டினார். சிறந்த புகார்தாரர் என்ற முறையில் மாமாவுக்கும் அழைப்பு. அத்தையும் நானும் தொற்றிக்கொண்டோம்.

"நண்பர்களே," என்றார் அதிகாரி, ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் இருப்பதுபோல. "நீரின் தரம் நீரில் இல்லை. அதை அளக்கும் இடத்தில் இருக்கிறது. பொதுமக்கள் குளிப்பதை நாம் தடுக்க முடியாது. இப்போது விதியே அவர்கள் பக்கம். ஆகவே நாம் கம்பத்தை நகர்த்த வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத, நீர் அசையாத, பறவைகளே விரும்பித் தேடி வருகிற இடம் ஒன்று இந்தக் கடற்கரையில் எங்கே இருக்கிறது?"

அலுவலகத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி மிக எளிது.

"பறவைகள் முனை சார்," என்றார்கள் ஒரே குரலில்.

மாமாவுக்கு நேர்மை என்று ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "சார், அங்கதான் அந்தக் குழாய்..." என்று ஆரம்பித்துவிட்டார். அத்தை அவர் காலை மிதித்தாள். சாதாரணமாக அல்ல, முழு உடம்பையும் கொண்டுபோய் மிதித்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"அங்க பெஞ்சு இருக்கு சார்," என்றாள் அத்தை. "சாம்பிள் எடுக்கிறவங்க உக்காந்து எடுக்கலாம்னு சொல்றாரு."

"நல்ல யோசனை," என்றார் அதிகாரி.

அவர் அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை என்று காவல்காரர் பிறகு சொன்னார். போகவேண்டிய தேவை இல்லை. அது பறவைகள் முனை என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சிவப்புக் கம்பத்தைப் பிடுங்கிக் குழாய் வாயருகே நட்டார்கள். நட்டவர்கள் மூக்கில் துண்டு கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம், கடற்காற்றுக்காக என்றார்கள். முதல் பாட்டில் ஆய்வகம் போய்ச் சேர்ந்த அன்றே ஆய்வகத்திலிருந்து அதிகாரிக்குப் போன் வந்தது. பேசியதை நான் நேரில் கேட்டேன். அடுத்த சந்தேகத்தோடு அப்போது அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

"சார், பாட்டில் மாறி வந்திருக்கு," என்றது ஒரு பெண் குரல். மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்கும் அளவுக்கு உரத்த குரல். "மேல கடல்னு எழுதியிருக்கு. உள்ள வேற."

"வேறன்னா?"

"சார், நான் இன்னும் சாப்பிடலை. விட்டுடுங்க."

மறுபரிசோதனை செய்தார்கள். பிறகு அதற்கு மறுபரிசோதனை. விதி என்பது ஒரு விசித்திரமான பிராணி. பழக்கிவிட்டால் எஜமானனையும் கடிக்கும். பொற்சிப்பி நிறுத்திவைக்கப்பட்டது. மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடம் மட்டும் வெளிறாமல் புதிதாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததை மாமா இன்றுவரை நம்பவில்லை. ஒரே வாரத்தில் பொறியாளர்கள் வந்தார்கள், சாலையைத் தோண்டினார்கள், கழிப்பறைக் கழிவை ஊருக்கு வெளியே போகும் பெரிய குழாயோடு இணைத்தார்கள், பழைய குழாயின் வாயில் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். இது முடியாத காரியம் என்று எங்களிடம் சொன்ன எல்லோரும் அங்கே நின்று மேற்பார்வை பார்த்தார்கள். சேறு போனது. புழு போனது. கொக்கும் போனது. கொக்கு இல்லாமல் பல்லுயிர் மார்க் போகுமே என்று அலுவலகம் சிமெண்டில் கொக்குகள் செய்து நிறுத்தியது. அவை நல்ல கொக்குகள், இடம் மாறுவதில்லை.

அதிகாரி மாமாவிடம் கொஞ்சம் வருத்தமாகவே பேசினார். "அந்த இடத்துல ஒரு குழாய் இருந்திருக்கு. உங்களை மாதிரி தினம் வந்துபோறவங்க, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

மாமா வாயைத் திறந்தார். மூடினார். அத்தை பக்கத்தில் இல்லை. இந்த முறை காலை மிதிக்க வேண்டியும் இருக்கவில்லை.

போன சனிக்கிழமை மருத்துவர் கடைக்கு வந்தார். மருந்து அலமாரிச் சாவி உடைந்து பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டதாம். நண்டு அப்போதுதான் கடலிலிருந்து நேராக வந்து, தலை சொட்டச் சொட்ட, சாலையோரம் என் சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து செருப்பிலிருந்து மணல் தட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முதுகும் இடது காதும் தெரிந்தன.

"உங்க பொண்ணு காது எப்படி இருக்கு?" என்றார் மருத்துவர்.

"ஆறிடுச்சுங்க டாக்டர்."

"ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அன்னைக்குக் காரணம் எழுதாம விட்டேன். இப்ப எழுதிடலாம். தண்ணியாலதான் வந்திருக்கு."

"அதைத்தான் டாக்டர் நான் அன்னைக்கே..."

"அன்னைக்கு விருது இருந்துச்சு. இப்ப இல்ல. அதனால எழுதலாம்."

"இப்பத் தண்ணி நல்லா ஆயிடுச்சு டாக்டர். குழாயை மூடிட்டாங்க. இவ தினம் படிக்கட்டுலயே குளிக்கிறா."

மருத்துவரின் முகம் மாறியது. சாலையில் ஒரு பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அவர் கடைக்குள் தலையை நுழைத்து, எனக்கே பாதிதான் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினார்.

"விருது இல்லாத தண்ணியில குழந்தையை இறக்குறீங்களே. தண்ணி நல்லா இருக்குன்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க? மறுபடி விருது குடுக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே விடாதீங்க. அவளுக்கு இப்ப எதுவும் சொல்ல வேணாம், பயந்துடுவா."

மாமா புதுச் சாவியை ஊதித் துடைத்தார்.

நண்டு திரும்பவில்லை. முகத்தைச் சாய்க்கவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே இன்னொரு செருப்பைத் தட்டினாள்.

"எனக்கு நல்லாக் கேக்குது டாக்டர்," என்றாள்.